கண் திறக்காத ஆரஞ்சுக்காரி

எங்கள் ஆரஞ்சுக்காரி கண்ணடிக்கிறாள் என்று ஊரே சிரித்தது. சிரிக்கட்டும், இந்த ஊருக்கு வேறு என்ன வேலை? எனக்குத்தான் அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொள்ள முடியவில்லை.

ஆரஞ்சுக்காரி என்பது என் கணவன் கெரிட்டின் கார். எழுபத்து மூன்றாம் வருஷத்து ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே பேர் உட்காரலாம், மழை பெய்தால் என் பக்கம் மட்டும் ஒழுகும். முன்விளக்குகள் மூக்குக்குள் ஒளிந்திருக்கும். சுவிட்சை இழுத்தால் மூடியைத் தூக்கிக்கொண்டு இரண்டும் மேலே எழும்பும். அதற்கென்று மோட்டார் கிடையாது. ஓடுகிற எஞ்சின் காற்றை உறிஞ்சுகிறதல்லவா, அந்த உறிஞ்சலை ரப்பர் குழாய்களில் கொண்டுபோய்த்தான் விளக்கைத் தூக்க வேண்டும். எங்காவது ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் போதும், ஒரு விளக்கு எழும்பும், இன்னொன்று வரமாட்டேன் என்று படுத்துக்கொள்ளும். இப்படி ஒரு காரை எந்தப் புத்திசாலி கண்டுபிடித்தானோ தெரியாது. ஆனால் அதில் ஏறி ஏரிக்கரைச் சாலையில் போகும்போது எனக்கும் இருபது வயது குறைந்துவிடும், அதையும் சொல்லிவிட வேண்டும்.

மிஷிகன் ஏரியின் இந்தப் பக்கத்தில் இந்த மாதிரி கார் வைத்திருக்கிறவர்களுக்கெல்லாம் கெரிட்தான் வைத்தியன். யாருடைய விளக்கு மக்கர் செய்தாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். கோல்ஃப் பந்தைத் தூக்கி வைக்கிற சின்ன மரக்குச்சிகள் நாலைந்தைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு கிளம்புவான். ஒவ்வொரு குழாயாகக் கழற்றி, அந்தக் குச்சியைச் செருகி வாயை அடைத்துவிட்டு, காதை வைத்துக் கேட்பான். "இதோ, இங்கதான் மூச்சு விடுது" என்பான். ஆயுசில் ஒருநாளாவது கோல்ஃப் ஆடியிருக்கிறானா என்றால், அதுதான் கிடையாது.

அப்பேர்ப்பட்டவன் இந்த ஏப்ரலில் தன் காருக்கே புதுக் குழாய்கள் வாங்கிப் போட்டான். பழையவை வெடித்துப் போயிருந்தன. போட்டு முடித்து எஞ்சினை ஓடவிட்டுச் சுவிட்சை இழுத்தான். வலது விளக்கு ஜம்மென்று எழும்பியது. இடது அசையவில்லை. எல்லாவற்றையும் கழற்றித் திரும்ப மாட்டினான். அசையவில்லை. வால்வுதான் போய்விட்டது என்று புது வால்வு வாங்கி மாட்டினான். அதற்கும் அசையவில்லை.

எதிர்வீட்டு மார்வுக்குக் கொண்டாட்டம். பள்ளிக்கூட நாளிலிருந்தே இவனை வம்புக்கு இழுக்கிறவன் அவன்.

"டேய் கெரிட், உன் காரு எம் பொண்டாட்டியப் பாத்துக் கண்ணடிக்குதுடா. கண்டிச்சு வை!"

"பாவம், காராவது அடிக்கட்டும். நீதான் அவளத் திரும்பிக்கூடப் பாக்கறதில்லையே!"

இது ஏப்ரலில். மே மாதக் கடைசியில் மார்வ் அதே கிண்டலைச் செய்தபோது கெரிட் கராஜ் கதவை இறக்கிவிட்டு உள்ளே வந்துவிட்டான். அன்றைக்குத்தான் எனக்குத் திக்கென்றது.

எங்கள் வீட்டில் அப்போது யாரும் வாய்விட்டுச் சொல்லாத பெயர் ஒன்று இருந்தது. ஹார்ம், கெரிட்டின் அண்ணன். காலமெல்லாம் படகு எஞ்சின்களைப் பிரித்து மாட்டிய மனிதர், ஒருநாள் காலையில் காபிப் பாத்திரத்தின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, அதை என்ன செய்வது என்று தெரியாமல் அடுப்படியில் நின்றார். அப்படித்தான் ஆரம்பித்தது. பிறகு பெற்ற பிள்ளைகளையே பார்த்து, "நீங்க யாரு, வாடகைக்கு வந்தவங்களா?" என்று கேட்டார். கடைசிவரை அவரைக் குளிப்பாட்டிச் சவரம் செய்துவிட்டது கெரிட்தான். அந்த நோய் குடும்பத்தில் இன்னொருவருக்கும் வரலாம் என்று எங்கள் இருவருக்குமே தெரியும். தூக்கத்தில் எழுப்பினாலும் மாட்டக்கூடிய குழாய்களை இப்போது அவனால் மாட்ட முடியவில்லை என்றால், அதற்கு வேறு என்ன அர்த்தம்?

நான் விளக்கு விஷயத்தைச் சொல்லியிருந்தேன், கிராண்ட் ராப்பிட்ஸ் நகரத்திலிருந்து எங்கள் மகள் க்ரிஸ்டா போன் செய்தாள்.

"அம்மா, செவ்வாக்கெழம ஞாபகமறதி டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன். அப்பாகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்லிக்கறேன். நீ சொன்னா போனைத் தூக்கிப் போட்டு உடைப்பாரு."

சொன்னேன். ஒரு பல்லைப் பிடுங்கிக்கொள்ள மூன்று வாரம் என்னோடு மல்லுக்கு நின்றவன், குதிப்பான், கத்துவான் என்று தயாராக நின்றேன். அவன் காபியைக் கலக்கிக்கொண்டே, "சரி, போலாம்" என்றான். அவ்வளவுதான். அவன் கத்தியிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

சனிக்கிழமை மதியம் சாப்பிட்டு எழுந்தவன் என்னைக் கூப்பிட்டான்.

"ஆர்லி, டார்ச்சப் புடிச்சுக்க, வா. கடைசியா ஒரு தடவ மாட்டிப் பாக்கறேன். இதுவும் வரலன்னா கார மார்வுக்கே குடுத்துடப் போறேன்."

"எதுக்குக் குடுக்கணும்?"

"மறந்து போறவன் கையில சாவி இருக்கக் கூடாது. ஹார்ம்கிட்டேர்ந்து சாவிய வாங்கினது நான். எங்கிட்டேர்ந்து அத நீ புடுங்கற மாதிரி வெச்சுக்க மாட்டேன்."

"வாய மூடிட்டு வேலையப் பாரு" என்றேன். அதற்குமேல் பேசியிருந்தால் அழுதிருப்பேன்.

இடது பக்கத்து வால்வு சக்கரத்துக்கு மேலே ஒரு பொந்துக்குள் இருக்கிறது. தரையில் படுத்து, தலையைத் திருப்பி, வலது கன்னத்தை டயரோடு அழுத்திக்கொண்டால்தான் தெரியும். குழாய்கள் எல்லாம் கறுப்பு. ஒவ்வொன்றின் மேலும் மெல்லியதாக ஒரு நிறக் கோடு ஓடும். பச்சை, சிவப்புக் கோட்டுக் குழாய்கள் விளக்கைத் தூக்கி இறக்கும். வெள்ளைக் கோட்டுக் குழாய் உறிஞ்சலைக் கொண்டுவரும். மஞ்சள் கோட்டுக் குழாய் சுவிட்சின் கட்டளையைக் கொண்டுவரும். வெள்ளையையும் மஞ்சளையும் மாற்றிப் போட்டால் வால்வு ஒன்றும் புரியாமல் சும்மா கிடக்கும். இதை அவன் எனக்குக் கல்யாணமான புதிதிலேயே சொல்லியிருக்கிறான், நான் கேட்டேனோ இல்லையோ.

நான் குனிந்து டார்ச் அடித்தேன். அவன் தனக்குத்தானே சொல்லிச் சொல்லி மாட்டினான். "இதோ பாரு, வெள்ளை. வெள்ளை எங்க போகணும்? வால்வோட மேல் வாய்க்குப் போகணும்."

நான் இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தேன்.

"கெரிட், அது மஞ்சள்."

"வெள்ளை."

"மஞ்சள், மனுஷா! நீ கையில புடிச்சிருக்கறது மஞ்சள்!"

"ஏண்டி, எனக்கு வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் வித்தியாசம் தெரியாதா?"

ஹார்ம் கரண்டியைச் சாவி என்று சொல்லி, இல்லை என்றவர்களிடம் இப்படித்தான் சண்டைக்கு வருவார். கெரிட் மெதுவாக வெளியே நகர்ந்து வந்து தரையிலேயே உட்கார்ந்தான். முகம் வெளிறிக் கிடந்தது.

"போச்சு, ஆர்லி," என்றான். "நெறத்தோட பேருகூடப் போச்சு."

எனக்கு வந்தது பாருங்கள் ஒரு கோபம்! யார்மேல் என்று கேட்டால் தெரியாது. ஹார்ம்மேல், கடவுள்மேல், அந்த உருப்படாத கார்மேல். கோபம் வந்தால்தான் என் மூளை ஒழுங்காக வேலை செய்யும். மீதமாகக் கிடந்த குழாய்த் துண்டுகள் இரண்டை ஒரு கையில் எடுத்துக்கொண்டு, இன்னொரு கையால் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, வெளியே புல்தரை வெயிலுக்குக் கூட்டி வந்தேன்.

"சொல்லு. இது என்ன நெறம்? இது என்ன நெறம்?"

இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். "இது வெள்ளை. இது... மஞ்சள். ஆமா, மஞ்சள்தான்."

"உள்ள ஏன் வெள்ளைன்னே?"

"உள்ள வெள்ளையாத்தான் இருந்துச்சு."

பெயர் மறந்தவனுக்கு வெயிலில் வந்ததும் எப்படி ஞாபகம் வரும்? எனக்கு என்னவோ பொறி தட்டியது. அவன் முகத்தில் வலது கன்னம் முழுக்க டயர் கரி அப்பியிருந்தது. புருவம்வரைக்கும் கரி. அங்கே படுத்திருந்தபோது வலது கண்ணை டயர் மூடியிருக்கிறது. இடது கண்ணால் மட்டும்தான் பார்த்திருக்கிறான். வலது விளக்குக்குப் படுத்தபோது மறைந்தது இடது கண்ணாகத்தான் இருக்கும். நான் என் உள்ளங்கையால் அவன் வலது கண்ணைப் பொத்தினேன்.

"இப்ப சொல்லு."

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு. டீத்தண்ணி மாதிரி." மஞ்சள் கோட்டைத் தொட்டுக் காட்டினான். "இதுதான் கொஞ்சம் பளிச்சுனு இருக்கு. இதத்தான் வெள்ளைன்னு மாட்டிக்கிட்டிருந்தேன்."

கையை எடுத்து இடது கண்ணைப் பொத்தினேன்.

"அட!" என்றான். "இது மஞ்சளேதான்."

என் கையைத் தட்டிவிட்டு அவனே பொத்திப் பார்த்தான். வலது, இடது, மறுபடி வலது. குழாயைப் பார்த்தான், வேலியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"ஆர்லி, உன் சட்டை மஞ்சளா?"

"வெள்ளைடா! நேத்துதான் வெளுத்துப் போட்டேன்!"

"இந்தக் கண்ணுக்கு வெள்ளை. இந்தக் கண்ணுக்குப் பழைய பேப்பர் மாதிரி இருக்கு."

"கெரிட், உனக்கு எத்தன மூளை?"

"ஒண்ணு. அதுவும் அரைகுறைன்னு நீதான் சொல்லுவ."

"அந்த ஒரே மூளை இந்தக் கண்ணால பாத்தா சரியாச் சொல்லுது, அந்தக் கண்ணால பாத்தா தப்பாச் சொல்லுது. அப்ப கோளாறு எங்க இருக்கு? மூளையிலயா, கண்ணுலயா?"

அவன் புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "கண்ணு" என்று கடைசியில் சொன்னான். "எங்கம்மாவுக்கு இருந்துச்சே, புரை. கண்ணு, ஆர்லி! கண்ணுதான்!" சிரிக்கிறானா அழுகிறானா என்றே எனக்குத் தெரியவில்லை. நானும் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். காலையில் பாய்ச்சிய தண்ணீரில் புல் ஈரமாக இருந்தது, உடுப்பெல்லாம் நனைந்தது, யாருக்குக் கவலை?

பிறகு உள்ளே போனோம். இந்தத் தரம் நான் நிறம் சொன்னேன், அவன் மாட்டினான். பார்த்துக்கூட மாட்டவில்லை, கண்ணை மூடிக்கொண்டான்.

"வெள்ளை."

"மேல் வாய்."

"மஞ்சள்."

"பக்கத்து வாய். அடுத்தது?"

"பச்சை. அப்புறம் சிவப்பு."

அவன் விரல்கள் ஒரு இடத்திலும் தயங்கவில்லை. ஒவ்வொரு குழாயும் தன் வாயில் போய் உட்கார்ந்தது. கையைத் துடைத்துக்கொண்டு போய் எஞ்சினைக் கிளப்பினான். உறிஞ்சல் ஏறட்டும் என்று கொஞ்சம் காத்திருந்துவிட்டுச் சுவிட்சை இழுத்தான். குழாய்களில் ஒரு பெருமூச்சு கேட்டது. இரண்டு விளக்கும் சேர்ந்தாற்போல் எழும்பி நின்றன. நான் போட்ட கூச்சலில் மார்வ் மண்வெட்டியோடு ஓடி வந்தான்.

"என்னாச்சு? யாருக்கு என்னாச்சு?"

"எனக்குக் கண்ணு தெரியலடா!" என்று கெரிட் உள்ளேயிருந்து கத்தினான். லாட்டரி விழுந்தவன்கூட அவ்வளவு சந்தோஷமாகக் கத்தமாட்டான். மார்வ் என்னைப் பார்த்தான். நான் விஷயத்தைச் சொன்னேன். அவன் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, தொப்பியைக் கழற்றி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினான். அப்போதுதான் தெரிந்தது, ஹார்மை நினைத்துக்கொண்டது நாங்கள் மட்டுமில்லை என்று.

திங்கட்கிழமையே கண் டாக்டரிடம் போனோம். இரண்டு கண்ணிலும் புரை இருக்கிறது, இடது நன்றாக முற்றிவிட்டது, எடுத்துவிடலாம் என்றார். நான் ஓவென்று அழுதுவிட்டேன். நர்ஸ் பதறிப்போய், "பயப்படாதீங்கம்மா, சின்ன ஆபரேஷன்தான்" என்று என் முதுகைத் தடவினாள். "அவ பயப்படல," என்றான் கெரிட். "புரைன்னு சொன்னீங்களே, அந்தச் சந்தோஷம் தாங்கல அவளுக்கு." அந்தப் பெண் எங்களை இன்னும் பைத்தியம் என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பாள்.

செவ்வாய்க்கிழமை டாக்டரிடமும் போகத்தான் வேண்டியிருந்தது, க்ரிஸ்டா விடவில்லை. அந்த டாக்டரம்மா ஒரு மணி நேரம் கேள்வி கேட்டாள், படம் வரையச் சொன்னாள், கணக்குப் போடச் சொன்னாள். கடைசியில் கதவுவரை வந்து கைகொடுத்து, "ஒரு குறையும் தெரியல. கண்ணை மட்டும் சீக்கிரம் பாத்துக்குங்க" என்று அனுப்பினாள். வெளியே வந்ததும் கெரிட் காருக்குப் பக்கத்தில் நின்றுவிட்டான்.

"நீ எப்பலேர்ந்து பயந்துகிட்டிருந்த?" என்று கேட்டான்.

"மே மாசத்துலேர்ந்து. நீ?"

"மொத தடவ வெளக்கு வராத அன்னிக்கே." அவன் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். "தெனமும் காலையில முழிப்பு வந்ததும், எந்திரிக்கறதுக்கு முன்னாடி, எல்லார் பேரையும் மனசுக்குள்ள ஒரு தடவ சொல்லிப் பாத்துப்பேன். க்ரிஸ்டா, அவ புள்ளைங்க, மார்வு, எல்லாரும். மொதல்ல உன் பேரு. இருக்கான்னு பாத்துட்டுத்தான் கண்ணத் தொறப்பேன்."

நான் தினமும் அவனுக்கு முன்னால் எழுந்து கீழே போய்க் காபி போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். மேலே அவன் இப்படித் தனியாகப் படுத்துக் கிடந்தது எனக்குத் தெரியாது. நான் அழுதுவிடக் கூடாது என்பதற்காக அவனை அதட்டினேன்.

"எங்க, இப்ப சொல்லு பாக்கலாம். என் பேரு என்ன?"

அவன் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான். நெற்றியைச் சுருக்கினான். பிறகு ரொம்ப மரியாதையாகத் தொப்பியைத் தூக்கினான்.

"மன்னிக்கணும் அம்மா. நாம இதுக்கு முன்னாடி எங்கயாவது சந்திச்சிருக்கோமா?"

கைப்பையால் ஓங்கி ஒன்று போட்டேன். "அடப்பாவி! இதுலயாடா வெளையாட்டு!" என்று இன்னொன்று போட்டேன். அவன் இரண்டு கையாலும் தலையை மறைத்துக்கொண்டு, "ஆர்லி! ஆர்லி! வலிக்குது ஆர்லி!" என்று கத்திக்கொண்டே சிரித்தான். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் போனவர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று அந்தக் கிழவனை அங்கேயே கட்டிக்கொண்டேன்.