பலகைக்கு அந்தப் பக்கம்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் அமராவதி இரண்டு முறை கால்வாயில் விழுந்தாள். முழங்கால் அளவு தண்ணீர், அடியில் சேறு. அடி ஒன்றும் படவில்லை. மோட்டார் சைக்கிளைக் கரையேற்றத்தான் கணவன் பாலகிருஷ்ணனுக்கு மூச்சு வாங்கியது.

“முறுக்கிய முறுக்குல முன்னாடி தூக்கிருச்சு. அது ஒண்ணு. வலது பக்கம் சாஞ்சே, ரெண்டு. பிரேக்க மிதிச்சே, மூணு,” என்று விரல் மடக்கினான் அவன்.

“நாலாவதா ஒரு தப்பு இருக்குங்க. உங்களக் கூட்டிட்டு வந்தது,” என்றாள் அமராவதி, சேலைத் தலைப்பைப் பிழிந்தபடி.

பாலகிருஷ்ணனைக் குறை சொல்ல முடியாது. புக்கிட் ரோத்தானுக்கு அருகிலுள்ள, எண்ணெய்க்குப் பழம் வெட்டும் செம்பனைத் தோட்டத்தில் அவன் வேலையை மேற்பார்க்கும் மண்டோர். வெட்டாமல் விட்ட குலை, பொறுக்காமல் விட்ட உதிரிப்பழம் என்று எங்கே தப்பு இருக்கிறதோ அங்கே சிவப்புச் சாயம் தடவுவதுதான் அவன் வேலை. பன்னிரண்டு வருஷமாக அதைத்தான் செய்கிறான்.

இந்த அவசரத்துக்குக் காரணம் திங்கட்கிழமை. தோட்டத்தின் இரண்டாம் டிவிஷனில் அன்று பாலர் பள்ளி திறக்கிறார்கள். இடைநிலைப் பள்ளியில் ஐந்தாம் படிவம் வரை படித்த அமராவதிக்கு அங்கே ஆசிரியை வேலை. எட்டு வருஷம் உதிரிப்பழம் பொறுக்கிய பிறகு கிடைத்த வேலை. தோட்ட அலுவலகக் கணக்கைப் பார்க்கும் கிராணி சிவானந்தம் ஒரு நிபந்தனை மட்டும் வைத்திருந்தார்.

“ஏழரைக்கு அங்க இருக்கணும். ஒருநாள் லேட்டுன்னாலும் அடுத்த பேரு கங்காதான். அவ அந்த டிவிஷன்லயே இருக்கா.”

பஸ் பிடித்தால் எட்டேகாலுக்குத்தான் போய்ச் சேரலாம். காட்டு வழியில் ஐந்து மைல். பாலகிருஷ்ணன் விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்விடுவான், கொண்டுபோய் விட முடியாது. அவனுடைய பழைய ஹோண்டாவை அவளே ஓட்டினால் இருபது நிமிஷம். மண்சாலையில் நன்றாகவே ஓட்டினாள். நடுவில் குறுக்கிட்ட கால்வாயும் அதன்மேல் போட்ட ஒற்றைப் பலகையும்தான் தொல்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு கூடவே நடக்க அதில் அகலம் கிடையாது. ஏறி ஓட்டித்தான் ஆகவேண்டும்.

சனிக்கிழமை காலை பாலகிருஷ்ணன் ஒரு ஏற்பாடு செய்தான். சாய டப்பாவைக் கொண்டுவந்து பலகையில் விரிசல் கண்ட இடம், ஓரம் உடைந்த இடம், ஆணி தூக்கிய இடம், எல்லாவற்றிலும் சிவப்பு வட்டம் போட்டான்.

“இப்ப எங்க போகக் கூடாதுன்னு உனக்கே தெரியும். சிவப்பப் பாத்துக்கிட்டே வா.”

அவள் பார்த்துக்கொண்டே வந்தாள். முதல் வட்டத்தின் மேலேயே நேராக ஏறி, அங்கிருந்து நேராகக் கால்வாய்க்குள் போனாள்.

பக்கத்து நிரையில் பழம் பொறுக்கிக்கொண்டிருந்த இராஜம்மா நிமிர்ந்தாள். “அமராவதி, இன்னைக்காச்சும் கெண்டை மாட்டுச்சா? மூணு நாளா வெறுங்கையோட ஏறி வர்றியே.”

“சிரிக்காதீங்கக்கா. கங்காவுக்கு நானே சேதி சொல்லி அனுப்பிடுறேன்.”

“அப்புறம் அனுப்புலா. இப்ப சும்மாத்தானே இருக்கே, இந்தக் கூடைய மேடையில கொட்டிட்டு வா. எனக்கு இடுப்பு போச்சு.”

அமராவதி ஈரச் சேலைத் தலைப்பைச் சும்மாடாகச் சுருட்டிக் கூடையைத் தலையில் ஏற்றினாள். பலகையைக் கடந்து எதிர்க்கரையில் பழம் சேர்க்கும் மேடையில் கொட்டினாள். திரும்பியபோதுதான் அவளுக்கு உறைத்தது. பலகையில் நடந்து வந்திருக்கிறாள். ஆனால் ஒரு சிவப்பு வட்டத்தைக்கூடப் பார்க்கவில்லை. தலையில் கூடை இருந்தால் குனிய முடியாது. கண் மேடையைப் பார்த்தது, கால் தானாக வந்து சேர்ந்தது. எட்டு வருஷமும் இப்படித்தான் வந்திருக்கிறது.

வெறும் கூடையை இராஜம்மாவிடம் கொடுத்துவிட்டு நேராகக் கணவனிடம் போனாள்.

“ஏங்க, நீங்க பின்னால நிக்க வேணாம். அந்தப் பக்கம் போய் மேடை மேல நில்லுங்க.”

“நீ விழுந்தா அங்கேருந்து எப்படிப் பிடிக்கிறது?”

“பிடிக்க வேணாம். நில்லுங்க போதும்.”

அவன் போய் நின்றான். அவள் வண்டியை முடுக்கிப் பலகையை நெருங்கினாள். “வலது பக்கம் உடைஞ்சிருக்கு, பாத்து,” என்று அவன் கத்தினான். அவள் பலகை முனையிலேயே நிறுத்திவிட்டாள்.

“அத சொல்லாதீங்கன்னுதானே அங்க அனுப்பினேன்.”

“பின்ன நான் என்னத்தச் சொல்றது?”

“நான் எங்க வரணுமோ அத மட்டும் சொல்லுங்க.”

பாலகிருஷ்ணன் யோசித்தான். தப்பைச் சொல்லாமல் பேசுவது அவனுக்குப் பழக்கமில்லை. கடைசியில் கையை நீட்டி, “வா... இங்க வா... என்கிட்ட வா...” என்றான்.

“ஆட்டையா கூப்பிடுறே?” என்றாள் இராஜம்மா.

அமராவதி சிரித்துக்கொண்டே வந்தாள். கண் அவன் சட்டைப் பொத்தானைவிட்டு இறங்கவில்லை. டயருக்குக் கீழே பலகை தடதடத்தது, பிறகு மண் மெத்தென்றது. அவன் மேடையிலிருந்து குதித்து ஒதுங்காவிட்டால் அவன் மேலேயே ஏற்றியிருப்பாள். அன்று பொழுது சாய்வதற்குள் பதினோரு முறை போய் வந்தாள். ஒன்பதாவது முறை அவன் அங்கே இல்லை, டீ குடிக்கப் போயிருந்தான். மேடையே போதுமானதாக இருந்தது.

திங்கட்கிழமை ஏழு இருபதுக்கு அவள் பாலர் பள்ளி வாசலில் வண்டியை நிறுத்தினாள். கிராணி சிவானந்தம் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஒரு தாளை நீட்டினார்.

“விதிமுறை. கரும்பலகையில எழுதிப் போடு. நான் எட்டு மணிக்கு வந்து பாப்பேன்.”

ஓடக் கூடாது. கத்தக் கூடாது. அழக் கூடாது. தள்ளக் கூடாது. தாள் நிறைய கூடாதுகள். உள்ளே பதினேழு பிள்ளைகள்; அதில் பாதி ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தன. அமராவதி தாளை மடித்து மேசையில் வைத்தாள். சுண்ணக்கட்டியை எடுத்தாள்.

எட்டு மணிக்குக் கிராணி வந்தபோது பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். கரும்பலகையில் நான்கு வரி இருந்தது. ‘இப்போது பாட்டுப் பாடுவோம். அப்புறம் படம் வரைவோம். பத்து மணிக்கு மைலோ குடிப்போம். பன்னிரண்டுக்கு அம்மா வருவாங்க.’

“நான் கொடுத்தது எங்க?”

“பிள்ளைங்களுக்குப் படிக்கத் தெரியாதுங்க ஐயா. பலகையில இருக்கிறத வாயால சொன்னேன். பாட்டுன்னதும் பாதிப் பேரு அழுகைய நிறுத்திட்டாங்க, மைலோன்னதும் மீதி.”

சிவானந்தம் மூன்றாவது வரியை இன்னொரு முறை படித்தார். “மைலோ யாரு கொடுக்கிறா?”

பதினேழு முகங்களும் அவரை நோக்கித் திரும்பின.

“பத்து மணிக்குன்னு சொல்லிட்டேங்க ஐயா,” என்றாள் அமராவதி.

கிராணி சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்குப் புறப்பட்டார்.