ஸ்டாப்பிங் வரைக்கும்

“பூ வந்துடுச்சாம். ஓடிப்போய் வாங்கிக்கினு வந்துடறேன்” என்று சொல்லிக்கொண்டே ஜோயல் ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்தான்.

ஜாய்ஸ் கல்லில் ஊற்றிய தோசையை விட்டுவிட்டுத் திரும்பினாள். சனிக்கிழமை சாயங்காலம் ஆறரை மணி. அவன் சிறுசேரியில் ஐ.டி. கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்குகிற வேன் ஓட்டுகிறவன். அவள் பொத்தேரிப் பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள். ஒருத்தர் வரும்போது இன்னொருத்தர் கிளம்புவார். வாரத்தில் இந்த ஒரு வேளைதான் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சூடாகச் சாப்பிடுவது. அந்த வேளை பார்த்துத்தான் பூவும் வரும்.

“ஊர்ல எல்லார் வூட்டுக்கும் வாசல்ல கொண்ணாந்து குடுக்கறான். உனக்கு மட்டும் இன்னாத்துக்கு மெயின் ரோட்டுல நிக்கறான்?”

“காத்தாட நடந்துட்டு வர்லாமேன்னுதான்.”

“காத்தாடவா, பொகையாடவா? யோவ், எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சிக்கினு கீறியா? சிகரெட்ட வுட்டுட்டேன்னு எங்கப்பா கைல அடிச்சி சத்தியம் பண்ணவன்தானே நீ?”

ஜோயல் சிரித்தான். பிடிபட்டவன் சிரிக்கிற சிரிப்பு. “கண்டுபுடிச்சிட்டா பாரு. ஒன்னே ஒன்னுதான்டி. போனேன், வந்தேன்னு வந்துடுவேன். முறுவலா ரெண்டு ஊத்தி வெய்யி.”

“முறுவலும் கெடையாது, ஒன்னும் கெடையாது. ஆறுனத துன்னு.”

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். அவள் முறுவலாகத்தான் ஊற்றினாள்.

இரண்டாவது தோசையைத் திருப்பிப் போடும்போது கொழுந்தன் ஜெபசிங் வாசலில் வந்து நின்றான். சனிக்கிழமையானால் சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்குப் பறக்கிற கார்களில் ஒன்று, ஈ.சி.ஆரைக் கடந்துகொண்டிருந்த ஜோயலை அடித்துத் தூக்கிவிட்டு நிற்காமல் போய்விட்டது. ஆம்புலன்ஸ் வந்தபோது உயிர் இருந்தது. செங்கல்பட்டு போய்ச் சேர்ந்தபோது இல்லை.

மறுநாள் காலை ஆண்களில் பலர் பிணவறை வாசலுக்குப் போயிருந்தார்கள். உடம்பு மதியம் ஒரு மணிக்குக் கிடைக்கும் என்று தகவல் வந்தது. போலீஸ்காரர் கொடுத்த ஜோயலின் போனை ஜெபசிங் கொண்டுவந்து ஜாய்ஸ் மடியில் வைத்துவிட்டு, பந்தல்காரரைப் பார்க்கப் போனான். வேன் முதலாளிக்குத் தகவல் சொல்லலாமே என்று அவள் போனைத் திறந்தாள். வாட்ஸ்அப்பில் மேலே இருந்த பெயர் ‘பூங்கொடி மலரகம்’.

கடைசிச் செய்தி நேற்று மாலை ஆறு இருபத்தெட்டுக்கு வந்திருந்தது. ‘ஸ்டாப்பிங்கில் வண்டி நிற்கிறது. வந்து எடுத்துக்கொள்ளவும்.’ அதற்கு மேலே போன சனிக்கிழமை. அதற்கும் மேலே அதற்கு முந்தின சனிக்கிழமை. எல்லாம் அதே வரிதான். அவள் விரலால் மேலே மேலே தள்ளிக்கொண்டே போனாள். கல்யாணமான மாதத்தில் போய் நின்றது.

‘மல்லி ரெண்டு முழம். பேதுரு தெரு, மூணாவது வீடு’ என்று ஜோயல் அனுப்பியிருந்தான்.

‘சார் அது காலனியா?’

‘ஆமாங்க.’

‘அந்த சைடு உள்ள டெலிவரி இல்ல சார். ரோட்டுக்கு அந்தாண்ட ஸ்டாப்பிங் வரைக்கும் தருவோம்.’

‘போர்டுல அஞ்சு கிலோமீட்டர் ஃப்ரீ டோர் டெலிவரின்னு போட்டிருக்கே?’

‘உள்ள வராது சார்.’

இதற்கு ஜோயல் பதினொரு நிமிடம் கழித்துப் பதில் போட்டிருந்தான்: ‘ஓகே.’

ஜாய்ஸ் அந்த நேரத்தை இரண்டு முறை கணக்குப் பார்த்தாள். பதினொரு நிமிடம் அவன் போனை வைத்துக்கொண்டு என்ன யோசித்திருப்பான்?

அவள் செங்கல்பட்டு டவுனில், ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். பெண் பார்க்க வந்தபோது அவளுடைய அப்பா, “ஊர்ப் பக்கம் எப்படி, பிரச்சனை எதுனா உண்டா?” என்று கேட்டதற்கு, “அதெல்லாம் எங்கப்பா காலத்தோட போச்சி மாமா” என்று ஜோயல் சொல்லியிருந்தான். அந்தச் சொல்லைக் காப்பாற்றத்தான் வாராவாரம் ரோட்டைத் தாண்டிப் போய் நின்றிருக்கிறான். சிகரெட் என்று அவள் பழி போட்டதும் சிரித்து ஒப்புக்கொண்டான். புகை பிடிக்கிறவனாக இருப்பது அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

அவள் எழுந்து பின்கட்டுக்குப் போய் அந்த எண்ணை அழைத்தாள்.

எடுத்தது கடைக்காரி பூங்கொடியேதான். “ஜோயல் சார் வூட்டம்மாவா? ஐயோ மேடம், நேத்தே எங்க டெலிவரி பையன் மணி வந்து சொன்னான். மனசே ஆறல மேடம். அவ்ளோ நல்ல மனுஷன்.”

“ஒரு ரோஜா மாலை வேணுங்க. பெருசா. ரெண்டு கிலோ உதிரிப் பூ. ரெண்டு மணிக்குள்ள வரணும்.”

“வந்துடும் மேடம். நானே நின்னு கட்டறேன். ஸ்டாப்பிங்ல மணி—”

“வூட்டு வாசல்ல குடுக்கணும்.”

“தோ பாரும்மா” என்றாள் பூங்கொடி. ‘மேடம்’ என்ற சொல் அத்தோடு உதிர்ந்தது. “எனக்கு அந்த மாதிரி நெனப்பெல்லாம் கெடையாது. உங்காளுங்க எத்தினி பேரு என்கூட படிச்சாங்க தெரியுமா? ஆனா வெள்ளிக்கெழம அம்மன் கோயிலுக்குப் பூ போறதும் அதே வண்டிதான். வண்டி உள்ள போச்சின்னு தெரிஞ்சா கோயில் ஆர்டரு போய்டும், ஊர்ல ஒரு வூட்டுல வாங்க மாட்டாங்க. லோன் போட்டு வெச்ச கடைம்மா. நானும் பொம்பளதானே?”

“டோர் டெலிவரின்னுதானே போட்டுகிறீங்க?”

“போட்டுதான் கீது.”

“எங்க வூட்டுக்கும் கதவு கீதுங்க” என்றாள் ஜாய்ஸ். “பணம் இப்பவே அனுப்பறேன். கொண்ணாந்து குடுங்க.” அனுப்பியும் விட்டாள்.

சவப்பெட்டி வைக்க நாற்காலிகளை ஒதுக்கிக்கொண்டிருந்த மாமனார் ஆபிரகாம் பாதிப் பேச்சைக் கேட்டுவிட்டார். வயலில் கூலிக்கு நின்று, பிறகு காவலாளியாக வேலை பார்த்து, இரண்டு பிள்ளைகளையும் படிக்கவைத்த மனிதர். மருமகளின் பக்கத்தில் வந்து நின்று, “நான் மாமல்லபுரத்துக்கு ஆள அனுப்பி மாலை வாங்கியாறச் சொல்றேம்மா. இன்னிக்கு வேணாம்” என்றார்.

“வேற கடை வேணாம் மாமா.”

“அவங்ககூட மல்லுக்கு நின்னு இன்னாம்மா ஆவப் போவுது?”

“மல்லுக்கு நிக்கல மாமா. அவருக்குப் பூ வாசலுக்கு வரணும். ஒரே ஒரு வாட்டி. வேற ஒன்னும் கேக்கல.”

ஒன்றே கால் மணிக்கு ஜோயலின் போன் அடித்தது. பேசியது பூ கொண்டுவருகிற மணி. எடுக்கும்போது ஜாய்ஸ் விரல் ஸ்பீக்கரில் பட்டுவிட்டது. பந்தலில் உட்கார்ந்திருந்த பெண்கள் அத்தனை பேருக்கும் கேட்டது.

“அக்கா, மாலை எட்டாந்துகீறேன். ஸ்டாப்பிங்ல நிக்கறேன். யாரையாச்சும் அனுப்புங்கக்கா.”

“உள்ள வாங்க.”

“தப்பா நெனைக்காதீங்கக்கா. நேத்து அவரு வுழுந்தப்ப மொதல்ல ஓடுனது நான்தான். தலையத் தூக்கி மடியில வெச்சி, வாயில தண்ணி ஊத்துனது நான்தான். எனக்கு ஒன்னும் இல்லக்கா.”

“மடியில வெச்சீங்கதானே? அப்ப வாங்க. அவரு வூட்டுக்கு வாங்க.”

லாரி ஒன்று அலறிக்கொண்டு போவது கேட்டது. “அது ரோடுக்கா” என்றான். “ரோடு எல்லாருக்கும் பொது.”

மேரி என்கிற பக்கத்து வீட்டுக்காரி, “த்தூ, உன்னப் பெத்த வயிறு பத்தி எரியும்டா” என்று போனைப் பார்த்துக் கத்தினாள். ஜெபசிங் செருப்பைத் தேடினான். “அண்ணி, நான் போய் வாங்கியாந்துடறேன். அண்ணன் வெறுங்கழுத்தோட போவக் கூடாது.”

“போவாத ஜெபா.”

“அண்ணி—”

“நீ போனா, அவருக்கு அப்புறம் நீன்னு ஆயிடும். போவாத.”

யாரும் போகவில்லை. மணி அரைமணி நேரம் நின்றான். இரண்டு தடவை போன் செய்தான். கடைசியில் மாலையை ஸ்டாப்பிங்கின் இரும்புத் தூணில் மாட்டி, உதிரிப் பூப் பையை அதன் கீழே வைத்துவிட்டு, மாமல்லபுரம் பக்கம் ரிசார்ட்டுகளுக்குக் கொடுக்கவேண்டிய பூவோடு தெற்கே போனான். அந்த ரிசார்ட்டுகளில் எந்த தேசத்திலிருந்து யார் வந்து தங்கினாலும் வண்டி உள்ளே போகும்.

இரண்டரைக்கு ஆம்புலன்ஸ் வந்தது. தெருப் பெண்கள் வீட்டு வேலிகளில் பூத்திருந்த செம்பருத்தியையும் அரளியையும் பறித்துப் பெட்டிக்குள் போட்டார்கள். ஆயர் ஜெபம் பண்ணினார். மாலையில்லாமல்தான் ஜோயலை அடக்கம் செய்தார்கள். “பிடிவாதக்காரி, புருஷனுக்கு ஒரு மாலைகூட இல்லாம பண்ணிட்டா” என்று கல்லறைத் தோட்டத்திலேயே ஒருத்தி சொன்னாள். ஜாய்ஸ் காதில் அது விழுந்தது. ஊர்க்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். சர்ச்சுக்கு வெளியே, வேப்பமரத்தடியில், மரியாதையாகக் கைகட்டி நின்றுவிட்டுப் போனார்கள்.

அடுத்த வாரம், கடையைப் பற்றி வாடிக்கையாளர்கள் கருத்துப் போடுகிற பக்கத்தில் அவள் எழுதினாள். ‘வீட்டு வாசலில் பூ தரப்படும் என்று இந்தக் கடையில் எழுதியிருக்கிறது. எங்கள் வீட்டுக்குத் தரவில்லை. வண்டி கோயிலுக்குப் போகிற வண்டி, காலனிக்குள் வராது என்று சொன்னார்கள். என் கணவர் இரண்டு வருடம் ரோட்டைத் தாண்டிப் போய் வாங்கினார். போன சனிக்கிழமை அப்படித் தாண்டும்போது இறந்துபோனார். பூ நன்றாகத்தான் இருக்கும்.’ இவ்வளவுதான். ஒரு வசவு இல்லை.

சிறுசேரியில் ஜோயல் வேனில் போய்வந்த பெண் ஒருத்தி அதைப் பார்த்து எல்லாருக்கும் அனுப்பினாள். நான்கே நாளில் ஆயிரக்கணக்கான பேர் படித்துவிட்டார்கள். அதிகாரி ஒருவர் வந்து ஊரையும் காலனியையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசினார். பூங்கொடி அழுதாள். எல்லார் வீட்டு வாசலுக்கும் பூ கொடுப்போம் என்று கடைப் பெயர் அச்சிட்ட தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இரண்டு பக்கமும் டீ குடித்தார்கள். ஒரே மாதிரி பேப்பர் கப். அதைக்கூட யாரோ படம் எடுத்துப் போட்டார்கள். ‘ஜெயித்துவிட்டாய் சகோதரி’ என்று முன்பின் தெரியாதவர்களெல்லாம் ஜாய்ஸுக்கு எழுதினார்கள்.

நாற்பதாம் நாள் ஜெபத்துக்கு அவள் அதே கடையில் மாலை சொன்னாள். ‘வீட்டு வாசலில்’ என்று எழுதினாள். ‘கண்டிப்பாக மேடம்’ என்று பதில் வந்தது.

பத்து மணிக்கு வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. ஆபிரகாம் எழுந்து நின்றார். ஜாய்ஸ் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிலைப்படிக்கு வந்தாள். புத்தம்புது ஸ்கூட்டர். பின்னால் நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. கடைப் பெயர் போட்ட பனியனோடு, இறங்கிச் சிரித்துக்கொண்டு நின்றவன் ஜெபசிங்.

“சொல்லாம வந்து காட்டணும்னு இருந்தேன் அண்ணி. நேத்துதான் சேர்ந்தேன். நம்ம தெரு, பின்னாடி தெரு, அந்தாண்ட இருளர் தெரு, எல்லாம் இனிமே நான்தான். வாசல்லயே குடுக்கணும்னு ஸ்ட்ரிக்டா சொல்லிகீறாங்க.”

அவள் நீலப் பெட்டியைப் பார்த்தாள். “மணி வண்டில இன்னா கலர் பெட்டி?”

“வெள்ளை.” அவன் சிரிப்பு கொஞ்சம் இறங்கியது. “அது ஊருக்கு அண்ணி. இது நமக்கு. தனித்தனியா இருந்தா மாறாதுல்ல.”

“நீ கடைல போய்தானே எடுத்தாற?”

“கடைக்கு எதுக்கு? மணி அண்ணாத்த அந்தாண்ட ஸ்டாப்பிங் வரைக்கும் கொண்ணாந்துடுவாரு. நான் வண்டிய இந்தாண்ட போட்டுட்டு, ரோட்டத் தாண்டிப் போய் வாங்கியாந்து பெட்டியில வெச்சிக்குவேன்.”

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே கேட்டது போலிருந்தது. தலையைக் குனிந்துகொண்டு மாலையை எடுத்து நீட்டினான். நல்ல மாலை. ரோஜா வாடாமல் ஈரத்தோடு இருந்தது. ஜாய்ஸ் கை நீட்டவில்லை.

“அத எங்க வாங்குனியோ அங்கயே கொண்டுபோய் குடுத்துடு ஜெபா. நாளைலேர்ந்து நீ அங்க நிக்காத.”

“நான் நிக்கலன்னா வேற எவனாச்சும் நிப்பான் அண்ணி.”

“நிப்பான்” என்றாள் அவள். “நீ நிக்காத.”

உள்ளே ஜெபம் பூவில்லாமலே ஆரம்பித்தது. ஜெபசிங் வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருமுனை வரை போய், எந்தப் பக்கம் போவது என்று தெரியாதவன்போல் நின்றான்.

ஊரிலிருக்கிற அந்தக் கடையிலிருந்து பேதுரு தெருவுக்கு ஏரிக்கரை மேலே ஒரு தார்ச்சாலை நேராக வருகிறது. ஒன்றே முக்கால் கிலோமீட்டர். ஸ்கூட்டருக்கு நான்கு நிமிடம். அதில் வந்தால் ஈ.சி.ஆரைக் கடக்கவே வேண்டியதில்லை.