கிளட்ச் கால்

என் மச்சான் கண்டக்டர், நான் டிரைவர். ஒரே பஸ்ஸில் இருபத்தாறு வருஷம் ஓட்டினோம்; நான் முன்னால், அவன் பின்னால். நான் ஓய்வு பெற்ற மறு வருஷம், சர்க்கரை வியாதியும் ஒரு துருப்பிடித்த ஆணியும் கூட்டுச் சேர்ந்து அவனுடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டன. அவன் பணி முடிய இன்னும் ஆறு வருஷம் இருந்தது.

டிப்போ மேலாளர் கெட்டவரில்லை. கெட்டவராக இருந்தாலாவது சண்டை போடலாம். "உங்களுக்கு ஏத்த மாதிரி ஒரு வேலை பாத்து வெச்சிருக்கேன்" என்று தேனாய்ப் பேசி, மச்சானைத் தொலைந்த பொருள் அறையில் உட்காரவைத்தார். பஸ்ஸில் ஜனங்கள் விட்டுவிட்டுப் போவதெல்லாம் வந்து சேரும் இடம் அது. முப்பத்தொரு குடை, ஒரு மூட்டை ஒற்றைச் செருப்பு, இரண்டு பல் செட். ஜன்னல் உண்டு. ஆனால் அது சுவரைப் பார்த்து இருந்தது.

"யாராவது வராங்களாடா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"நேத்து ஒருத்தர் பல் செட்டு தேடி வந்தாரு அத்தான். ரெண்டையும் மாட்டிப் பாத்துட்டு, ரெண்டும் தன்னோடது இல்லன்னு போயிட்டாரு." ஒரு குடையை விரித்து மடக்கி வைத்தான். "என்னையும் யாரோ பஸ்ல விட்டுட்டுப் போன மாதிரி இருக்கு."

அதைக் கேட்டபின் எனக்கு அன்று காபி இறங்கவில்லை. இரண்டாவது கப்தான் இறங்கியது.

விதி ஒன்று இருந்தது. கால் போனவர் செயற்கைக் கால் பொருத்திக்கொண்டு, ஓடும் பஸ்ஸில் சோதனைக்கு நின்று காட்டினால் பழைய வேலை கிடைக்கும். வருஷ முடிவுக்குள் காட்ட வேண்டும். தவறினால் ஆறு வருஷமும் குடைகளோடுதான். நிற்பதற்கு அவன் தயார். கால்தான் இல்லை. எங்கள் ஊரில் கால் செய்கிறவர் ஒரே ஒருவர். அவரிடம் பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர் காத்திருந்தே வயதாகிவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் சங்கம் வந்தது. பதினோரு நாடுகள் கூடி, நான்கு மாநாடு நடத்தி, உலகத்தில் கால் வேண்டியவர்களுக்குக் காலும் காது வேண்டியவர்களுக்குக் காது மிஷினும் போய்ச் சேர வேண்டும் என்று தீர்மானம் போட்ட சங்கம். தீர்மானத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாதம் ஒரு நாட்டில் செய்வது, குழாய் இன்னொரு நாட்டில், திருகாணி மூன்றாவது நாட்டில். திருகாணியை முடுக்கும் சாவி நான்காவது நாட்டில். அந்த ஒரு நாடு மட்டும் மூன்றாவது மாநாட்டில் கோபித்துக்கொண்டு எழுந்து போயிருந்தது.

சங்கத்தின் சார்பில் ஓர் அம்மா வந்திருந்தார். நல்ல உயரம், நல்ல மனசு. கூடவே ஒல்லியாக ஒரு மொழிபெயர்ப்பாளர். மச்சானின் கால் முனைக்கு மாவுக்கட்டுப் போட்டு அச்சு எடுத்துக்கொண்டார்கள். மீதி அளவுகளை வீட்டிலேயே எடுத்து நிரப்பும்படி ஒரு பாரம் கொடுத்தார்கள்.

பாரத்தில் வலது கால் நீளம், இடது கால் நீளம், வலது பாதம், இடது பாதம் என்று வரிசையாகக் கட்டங்கள். எல்லாக் கட்டத்தையும் நிரப்ப வேண்டும் என்று அடியில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. வந்த மற்றவர்கள் இல்லாத காலுக்கு நேராக ஒரு கோடு கிழித்துக் கொடுத்துவிட்டார்கள். மச்சான் கண்டக்டர். டிரிப் ஷீட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அவனுக்குத் தூக்கம் வராது. ஒரு மெமோகூட வாங்காமல் வேலை பார்த்தவன்.

"அத்தான், காலை நீட்டுங்க" என்று அளவு நாடாவோடு வந்தான்.

"எதுக்குடா?"

"இடது கால் கட்டம் காலியா இருக்கு."

"அங்க உனக்குக் காலே இல்லையே. இல்லன்னு எழுது."

"இல்லன்னு எழுத எடம் விடல. சென்டிமீட்டர்தான் கேக்கறாங்க."

"அப்ப வலது கால் அளவையே எழுதிடு."

மச்சான் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "பொய் எழுதச் சொல்றீங்களா? இடதுன்னா இடது காலைத்தான் எழுதணும்."

அடுக்களையிலிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். "நல்லா அளந்துக்கடா தம்பி. வண்டியில மிதிச்சதைத் தவிர அந்தக் கால் இந்த வீட்டுக்கு ஒரு உபகாரமும் பண்ணினதில்ல."

நீட்டினேன். அளந்தான். நாலு கட்டமும் நிரம்பியதும் அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது.

ஐந்து மாதம் கழித்துக் கால் வந்தது. மேல் கூடு மச்சானுக்குக் கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் கால் இரண்டு விரல் நீளம் கூடுதல். நான் அவனைவிட உயரம் என்பதை யாரும் யோசிக்கவில்லை. குழாயைக் குறைக்கலாம், அதற்குச் சாவி வேண்டும், கோபித்துக்கொண்ட நாட்டுக்குச் சமாதானக் கடிதம் போயிருக்கிறது என்றார்கள். சோதனைக்குப் பன்னிரண்டே நாள். செருப்புத் தைப்பவரிடம் போய் வலது ஷூவுக்கு இரண்டு விரல் கனத்தில் அடி வைத்துக்கொண்டு வந்தான். கோணல் சரியாகிவிட்டது. உயரமும் கூடியது. கல்யாணமான நாள் முதல் அவன் பெண்சாதி அவனை நிமிர்ந்து பார்த்ததில்லை. இப்போது பார்க்க வேண்டியிருந்தது. அவன் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டான்.

இதுவரை சொன்னதை யாரும் நம்புவார்கள். இனிமேல் வருவதற்கு நான் கியாரண்டி.

மறுநாள் காலை மச்சான் எங்கள் வீட்டில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். தெருமுனையில் தண்ணீர் லாரி திரும்பி கியர் மாற்றியது. மச்சானின் புதுக் கால் மெதுவாக எழும்பித் தரையை ஓர் அமுக்கு அமுக்கியது. லாரி அடுத்த கியருக்குப் போனது. கால் மறுபடியும் அமுக்கியது.

"என்னடா பண்றே?"

"நான் ஒண்ணும் பண்ணல அத்தான். அதுவா பண்ணுது."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. என் இடது கால் கிளட்ச் கால். இருபத்தாறு வருஷத்தில் அது எத்தனை லட்சம் தடவை கிளட்ச் மிதித்திருக்கும் என்று அதற்கே தெரியாது. அளவோடு சேர்ந்து பழக்கமும் போய்விட்டது. அதோடு நிற்கவில்லை. வண்டி எடுக்குமுன் இடது முன் டயரை ஓர் உதை விட்டுக் காற்றுப் பார்ப்பது என் வழக்கம். மச்சான் கடைத்தெருவுக்குப் போய் வருவதற்குள் கால் ஏழு கார்களை உதைத்துவிட்டது. எட்டாவது காரில் ஆள் இருந்தார்.

"என்னய்யா, வண்டிய ஒதைக்கறே?" என்று இறங்கி வந்தார்.

"காத்து கம்மியா இருக்கு சார்" என்றான் மச்சான். இருந்தது. அந்த மனிதர் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

சிரிக்கிற விஷயமாக இது எனக்குப் படவில்லை. பஸ்ஸில் ஏறிப் பழகியபோது முதல் நாள் நான்கு தடவை விழுந்தான். கால் அமுக்கும்போதெல்லாம் இவன் அதைப் பிடித்து இழுப்பான். இரண்டு பேருக்கும் நடந்த தகராறில் விழுந்தது உடம்பு. நான்காவது தடவை ஒரு பெண்மணியின் தக்காளிப் பையின்மேல் உட்கார்ந்தான்.

"குடைங்க கூடவே இருந்துடறேன் அத்தான்" என்றான். தக்காளியைத் துடைக்கக்கூட இல்லை.

"மடையா, அதோட ஏன் மல்லுக்கு நிக்கறே? டிரைவர் கிளட்ச் மிதிச்ச அப்புறம்தானே வண்டி குலுங்கும். உன் காலுக்கு அது முன்கூட்டியே தெரியுது. அது அமுக்கினா நீ அதுமேல சாஞ்சுக்கோ. ஒலகத்துல எந்தக் கண்டக்டருக்கும் இந்த வசதி கெடையாது."

மறுநாள் ஒரு தடவை விழுந்தான். அதற்கடுத்த நாள் விழவில்லை. பத்தாம் நாள் அவன் ஓடும் பஸ்ஸில் கைகட்டி நின்றான். இரண்டு காலும் உள்ளவர்கள் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

சோதனை நாளன்று டிப்போ மெக்கானிக்குகளைப் பயணிகளாக உட்கார வைத்தார்கள். மேலாளர் முன் இருக்கையில். சங்கத்து அம்மாவும் மொழிபெயர்ப்பாளரும் அவருக்குப் பின்னால். நான் கடைசி இருக்கையில், பார்வையாளன். கம்பியைத் தொடாமல் பின் வாசல் வரை போய், எல்லோருக்கும் டிக்கெட் கொடுத்துத் திரும்ப வேண்டும்; விழக் கூடாது. இதுதான் விதி. ஓட்டுவதற்கு வந்தவனைப் பார்த்ததும் முன்னிருக்கைக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். டிப்போவில் அவன் பெயர் புயல். அவன் கியர் மாற்றினால் பயணிகளுக்குப் பூர்வஜென்மம் ஞாபகம் வரும்.

வண்டி கிளம்பியது. முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போனபோது மேலாளரின் கண்ணாடி தெறித்து ஒரு மெக்கானிக் மடியில் விழுந்தது. மச்சானின் கால் அமுக்கியது, அவன் சாய்ந்தான், டிக்கெட் கிழித்தான். மூன்றாவது கியரில் மொழிபெயர்ப்பாளர் நடைபாதைக்கு வந்துவிட்டார். மச்சான் அவரைத் தாண்டிப் போய் அடுத்தவருக்கு டிக்கெட் கொடுத்தான். பின் வாசலைத் தொட்டுத் திரும்பினான். பாதி தூரம் வந்துவிட்டான். மேலாளர் ஒருத்தருக்குத்தான் பாக்கி.

அப்போது குறுக்கே ஒரு நாய் வந்தது. புயல் பிரேக்கை மிதித்தான். கிளட்சைத் தொடவே இல்லை.

பிரேக் வலது காலின் வேலை. இடது காலுக்கு அதில் சம்பந்தமே இல்லை. அது நிம்மதியாக இருந்தது. பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் முன்னால் போய் ஒரே குவியலாக விழுந்தோம். மச்சானும் விழுந்தான். நாய் நின்று எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். போச்சு, ஆறு வருஷமும் போச்சு என்று நினைத்தேன். அப்போது குவியலுக்குள்ளிருந்து மச்சானின் குரல் கேட்டது.

"சார், டிக்கெட். எங்க எறங்கணும்?"

பார்த்தேன். மச்சான் கையை ஊன்றிப் புதுக்காலில் எழுந்து நின்றிருந்தான். அவனுக்குக் கீழே மேலாளர் மல்லாந்து கிடந்தார். அவர் கையில் டிக்கெட்டைத் திணித்துவிட்டு முன் வாசலுக்கு வந்து நின்றான்.

மேலாளர் சட்டையை உதறிக்கொண்டு எழுந்தார். "நல்லாத்தான் பண்ணினீங்க. ஆனா விழுந்துட்டீங்களே. ரூல் அப்படி இருக்கு, நான் என்ன பண்ண?"

சங்கத்து அம்மா இருக்கைக்கு அடியிலிருந்து ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளர் படுத்தபடியே மொழிபெயர்த்தார். "விழாம நின்னவங்க யாராவது இருக்காங்களான்னு அம்மா கேக்கறாங்க."

"நான் எங்கங்க நின்னேன்? உக்காந்துதானே இருந்தேன்" என்றார் மேலாளர்.

"உக்காந்துகிட்டே விழுந்தீங்களேன்னு அம்மா கேக்கறாங்க."

ஒரு மெக்கானிக் முழங்கையைத் தேய்த்துக்கொண்டே சொன்னார். "சார், இந்த வண்டியில விழுந்தது இருபது பேரு. அதுல எந்திரிச்சு டிக்கெட் குடுத்தது ஒருத்தருதான்."

மேலாளர் கையில் இருந்த டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைத் தேடி வாங்கி மாட்டிக்கொண்டு, "திங்கக்கிழமைலேருந்து டூட்டிக்கு வாங்க" என்று கையெழுத்துப் போட்டார். மச்சான் கையெழுத்தைப் பார்க்கவில்லை. படியில் நின்று வெளியே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண் கலங்கியிருந்ததா என்று கேட்டால், தூசி என்று சொல்வான்.

கால் இவ்வளவு நன்றாக ஒத்துப்போனது எப்படி என்று சங்கத்து அம்மா கேட்டார். மச்சான் உள்ளதைச் சொன்னான். அவர் மொழிபெயர்ப்பாளரை இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னார். பிறகு தலையில் கையை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பாரத்தை எழுதியவரே அவர்தானாம். அடுத்த மாநாட்டில், 'கால் இல்லை' என்று எழுத ஒரு கட்டம் சேர்க்கத் தீர்மானம் வந்ததாகக் கேள்வி. ஒன்பது நாடுகள் ஆதரவு, ஒன்று எதிர்ப்பு.

மச்சான் வேலைக்குப் போய் இரண்டு வாரம் கழித்து, ஒரு மாலை புயல் என் வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அண்ணே, உங்க மச்சான் என் சீட்டுக்குப் பின்னாடிதான் நிக்கறாரு. நான் கிளட்ச் மிதிக்கறதுக்குள்ள அவரு கால் டொக்குன்னு தரையில மிதிக்குது. லேட்டா மிதிச்சா இன்னொரு டொக்கு. என்னால நிம்மதியா ஓட்ட முடியல. மெதுவா கியர் மாத்த வேண்டியதா இருக்கு. பாசஞ்சர்லாம் எறங்கும்போது நன்றி சொல்லிட்டுப் போறாங்கண்ணே, எனக்கு அவமானமா இருக்கு. அது உங்க கால்தானாமே. கொஞ்சம் சொல்லி வைக்கக் கூடாதா?"

நான் யோசித்துப் பார்த்தேன்.

"தம்பி, நான் ஓய்வு பெற்றவன்" என்றேன். "சர்வீஸ்ல இருக்கறவங்க விஷயத்துல தலையிடறது முறையில்ல."