தொடாத நாலு ஜாடி

பாங்காக்கில் எங்கே சாப்பிடலாம் என்று வாராவாரம் பத்திரிகையில் எழுதுவது என் வேலை. பதினெட்டு வருஷமாக நாக்கை வைத்தே பிழைத்தவன். அந்த நாக்கு போய் நாலு மாதம் ஆகிறது. யாருக்கும் தெரியாது.

மழைக்காலத்தில் ஊரெல்லாம் பரவிய காய்ச்சல் எனக்கும் வந்தது. எழுந்து உட்கார்ந்தபோது காப்பி வெந்நீராக இருந்தது. சந்தேகப்பட்டு ஒரு டுரியானைப் பிளந்து மூக்கருகே வைத்துப் பார்த்தேன். தெருவே மூக்கைப் பொத்தும் பழம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அன்று பிடித்த பயம் இன்னும் விடவில்லை. விஷயம் வெளியே தெரிந்தால் ஐம்பத்திரண்டு வயதில் என்னை எவன் வேலைக்கு எடுப்பான்?

ஆனாலும் பதினாறு வாரம் எழுதிவிட்டேன். பக்கத்து மேஜைக்காரர்களின் முகத்தைப் பார்த்துத்தான். புருவம் உயர்ந்தால் ஒரு வரி, இரண்டாவது கிண்ணம் கேட்டால் இரண்டு வரி. தோங்லோ மாதிரிப் பணக்காரப் பகுதிகளில் கண்ணாடிச் சுவர் வைத்த ஹோட்டல்களில்தான் கஷ்டம். அங்கே வருகிறவர்கள் போட்டோ எடுத்து முடிப்பதற்குள் சூப் ஆறிவிடும், முகத்தில் ஒரு எழவும் தெரியாது. அப்படி மாட்டிக்கொண்ட வாரமெல்லாம் லம்யோங் அக்கா கடையைப் பற்றி எழுதிவிடுவேன். பழைய சாலைச் சந்தில் ஆறு மேஜை போட்ட நூடுல்ஸ் கடை. அங்கே ருசி என்றைக்கு மாறியது, நேரில் போய்ப் பார்க்க?

எங்கள் ஊரில் எந்த நூடுல்ஸ் கடை மேஜையிலும் நாலு ஜாடி இருக்கும். மீன் சாஸ், மிளகாய் ஊறிய வினிகர், சர்க்கரை, மிளகாய்த்தூள். அவரவர் நாக்குக்கு அவரவர் கலந்துகொள்வோம். லம்யோங் அக்கா கடையில் மட்டும் அந்த ஜாடிகளை யாரும் தொட்டதில்லை. தொட அவசியமே இருக்காது.

செவ்வாய்க்கிழமை காலை பத்திரிகை ஆசிரியர் ஒராசா கூப்பிட்டு ஒரு வாசகர் கடிதத்தைப் படித்துக் காட்டினார். லம்யோங் கடையில் ஊற்றுவது சூப்பா சர்க்கரைப் பாகா, உங்கள் ஆள் அந்தப் பக்கம் போனாரா என்று கேட்டிருந்தது. மத்தியானம் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து பதில் எழுதுங்கள் என்றார். "நாக்கை வீட்டுல மறந்து வெச்சுட்டுப் போயிடாதீங்க," என்று சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன்.

மணி ஒன்றுக்குப் போனேன். நிற்க இடமில்லாத நேரம் அது. ஆறு மேஜையும் காலி. பார்த்து எழுத ஒரு முகம்கூட இல்லை. உட்கார்ந்த பிறகுதான் ஜாடிகளைக் கவனித்தேன். மீன் சாஸ் அடிமட்டத்துக்குப் போயிருந்தது. வினிகரில் மிளகாய் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. இந்தக் கடையில் யாரும் தொடாத ஜாடிகள்.

அக்கா கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"சாப்ட்டுச் சொல்லு தம்பி. எப்பவும் போல இருக்கா?"

வெந்நீரை விழுங்கினேன். "அப்படியேதான்க்கா இருக்கு."

அவர் முகத்தைப் பொத்திக்கொண்டார். "காய்ச்சல் வந்துச்சுல்ல, அதுல என் நாக்கு செத்துப்போச்சு தம்பி. உப்பும் தெரியல, இனிப்பும் தெரியல. கைப்பழக்கத்துல போட்டுக்கிட்டு இருக்கேன். கூட்டம் குறையக் குறையப் பயமா இருந்துச்சு. ஆனா நீ ருசி மாறவே இல்லைன்னு எழுதுறியே. உன் நாக்கை நம்பித்தான் தினம் அடுப்பைப் பத்த வெக்கிறேன்."

அடுப்புக்கு மேலே சுவரில் நான் எழுதியதை வெட்டி ஒட்டியிருந்தார். மூன்று வாரத்துக் கட்டுரைகள். இதுவரை என் பிழைப்புக்காகத்தான் பயந்திருந்தேன். இந்தக் கடையைக் காலி செய்ததே நான்தான் என்பது அந்த நிமிஷம்தான் உறைத்தது. வாயைத் திறக்கப் பயம், மூடிக்கொண்டிருக்க அதைவிடப் பயம்.

"அக்கா, எனக்கும் போயிடுச்சு. அதே காய்ச்சல்."

திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அப்ப இத்தனை நாளும் யாருடா ருசி பாத்தது?" என்றார்.

அவர் எழுந்து சந்து முனைக்குப் போய், அங்கே மோட்டார் சைக்கிள் வாடகைக்கு ஓட்டும் தாவோனைக் கையோடு இழுத்து வந்தார். தினமும் இங்கே சாப்பிட்டவர், ஒரு மாதமாக எட்டிப் பார்க்கவில்லை. வயிறு சரியில்லை என்று மழுப்பிக்கொண்டே உட்கார்ந்தார்.

ஒரு வாய் குடித்துவிட்டு, "பிரமாதம்க்கா," என்றார்.

நாங்கள் அவர் வாயைப் பார்க்கவில்லை. எங்கள் ஊரில் யாரும் ஒருவர் மனம் நோக வாயால் பேசமாட்டார்கள். இருவரும் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது மேஜையில் கொஞ்சம் தயங்கியது. பிறகு மெதுவாக மீன் சாஸுக்குப் போய், வழித்து ஒரு கரண்டி, இன்னொரு கரண்டி. அடுத்து வினிகர். அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

சர்க்கரையைப் பாதியாகக் குறைத்து இரண்டாவது கிண்ணம் வைத்தார். கை மறுபடியும் மீன் சாஸுக்குப் போனது, இந்தத் தடவை ஒரு கரண்டி. மூன்றாவது கிண்ணத்துக்கு அக்கா சர்க்கரையை இன்னும் குறைத்தார். தாவோன் குடித்தார். தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஜாடிக்குப் போய்வந்த இடது கை முழங்காலைவிட்டு அசையவே இல்லை.

காலையில் கடை திறக்கும்போது முதல் கிண்ணத்தைக் குடித்துவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும் என்று அக்கா அவருக்கு உத்தரவு போட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "எனக்குத் தாவோன் இருக்கான். நீ என்ன பண்ணப் போற?"

அப்போது போன் அடித்தது. ஒராசா.

"என்ன, சாப்ட்டாச்சா? எப்படி இருந்துச்சு?"

"தெரியல," என்றேன். "நாலு மாசமாவே தெரியல."

அவர் சிரித்தார். வழக்கமான என் கிண்டல் என்று நினைத்துவிட்டார். அந்தச் சிரிப்பு நிற்கும்வரை காத்திருந்தேன்.