ஆள் இறங்கிய பிறகு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வீட்டிலும் சொல்வார்கள், தெருவிலும் சொல்வார்கள். ஆனால் அந்தச் சனிக்கிழமை வந்த கோபம் நியாயமானது.

ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனிக்கு மின்சார கார் ஓட்டுகிறேன். காலையில் ஊழியர்களை வீட்டிலிருந்து ஏற்றி வரவேண்டும், சாயங்காலம் கொண்டுபோய் விடவேண்டும். இருபது டிரைவர்களில் நான் ஒருத்திதான் பெண். எல்லா வண்டியிலும் ஒரு சின்னப் பெட்டி வைத்திருக்கிறார்கள். வண்டி வெடுக்கென்று வேகம் எடுத்தால் அது 'கீ' என்று கத்தும். எங்கள் சூப்பர்வைசர் ரங்கநாதனின் போனில் ஒரு சிவப்புப் புள்ளி விழும். ஒரு மாதத்தில் பத்துப் புள்ளி என்றால் சீட்டு கிழிந்தது. எனக்குப் பதினொன்று.

ரங்கநாதன் மல்லேஸ்வரத்துக்காரர். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் நாக்குக்கு பிரேக் கிடையாது. பார்க்கிங்கில் நாலு டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டிருக்க, அவர்கள் எதிரிலேயே ஆரம்பித்தார்.

"பாருங்க வனஜாம்மா, பதினொன்னும் கடைசி டிராப்புக்கு அப்புறம் விழுந்திருக்கு. ஆள் இருந்தா சாமி ஊர்வலம் மாதிரி போறீங்க, ஆள் இறங்கினதும் ரேஸ் உடறீங்க. பாக்கறவங்களுக்கு ஒரு முகம், பாக்காதப்போ ஒரு முகம். இது சரியா?"

வேலை போகும் என்று அவர் சொல்லியிருந்தால் கெஞ்சியிருப்பேனோ என்னவோ. இரட்டை முகம் என்று சொன்னது எனக்குச் சுருக்கென்று தைத்தது. இந்த வண்டிக்கு வருமுன் ஒன்பது வருஷம் பீன்யாவில் ஒரு ஃபாக்டரியில் தகடு ஒட்டுகிற ஸ்பாட் வெல்டிங் மிஷினில் வேலை பார்த்தவள் நான். அதில் பெடலைக் காலால் மிதிக்க வேண்டும். கூட அழுத்தினால் தகடு ஓட்டை, குறைத்து அழுத்தினால் ஒட்டாது. ஒரு ஷிஃப்டுக்கு ஆயிரத்து இருநூறு மிதி. ஆயிரத்து இருநூறும் ஒரே மிதி. மானேஜர் பார்த்தாலும் அதே, பார்க்காவிட்டாலும் அதே.

"சார், என் கால் மாறாது. உங்க பெட்டிதான் பொய் சொல்லுது" என்றேன்.

"கால் மாறலன்னு யாருக்குத் தெரியும் வனஜா?" என்று கேட்டான் சிரில். டீ குடித்துக்கொண்டிருந்த நாலு பேரில் ஒருவன், நீலசந்திராவில் எனக்கு அடுத்த தெரு. நல்லதுக்குத்தான் கேட்டான்.

அவன் கேள்வியும் சரிதான். பார்சல் பெட்டியிலிருந்து கழன்று கிடந்த ஒரு மரக்கட்டையை எடுத்து, ஆக்ஸிலரேட்டருக்கு அடியில் டேப் போட்டு ஒட்டினேன். என் வழக்கமான மிதி எந்த இடத்தில் நிற்குமோ அந்த இடத்தில் பெடல் கட்டையில் முட்டி நிற்கும். அதற்கு மேல் யாராலும் மிதிக்க முடியாது. மின்சார வண்டியில் கியர் எல்லாம் கிடையாது. ஒரே மிதிக்கு ஒரே தள்ளு.

"இப்போ நாலு பேரும் ஏறுங்க. ஒரு தரம் ஓட்டறேன். அப்புறம் காலி வண்டி ஒரு தரம். ரெண்டும் ஒரே மாதிரி போகும். பெட்டி கத்துச்சுன்னா அதுக்குத்தான் பைத்தியம்."

சிரிலும் ஓஸ்வால்டும் இன்னும் இரண்டு பேரும் ஏறினார்கள். பிரியாணிக்குப் பேர்போன உடம்புகள். ஸ்பீடோமீட்டருக்கு எதிரில் சிரிலின் போனை வீடியோவில் வைத்தோம். பார்க்கிங் கடைசி வரைக்கும் காலியாக இருந்தது. கட்டை முட்ட மிதித்தேன். ஒரு விநாடியில் எட்டு, இரண்டில் பதினாறு, மூன்றில் இருபத்துநாலு. பெட்டி வாயைத் திறக்கவில்லை.

அவர்களை இறக்கிவிட்டு, நான் மட்டும் அதே இடத்திலிருந்து அதே மிதி மிதித்தேன். கீ!

வீடியோவைப் போட்டுப் பார்த்தோம். பத்து, இருபது, முப்பது.

என் முகம் தொங்கிப்போயிற்று. பெட்டி பொய் சொல்லவில்லை. கட்டையும் நகரவில்லை, குனிந்து தொட்டே பார்த்தேன். பிறகுதான் பீன்யாவில் தகடு ஏற்றிய டிராலி ஞாபகம் வந்தது. நிறைந்த டிராலியைத் தள்ளுகிற பழக்கத்தில் காலி டிராலியைத் தள்ளிவிட்டால், அது ஓடி முன்னால் போகிறவள் காலில் இடிக்கும். எத்தனை தடவை திட்டு வாங்கியிருக்கிறேன்! தள்ளு அதேதான். சுமை குறைந்தால் அதே தள்ளுக்கு வண்டி கூடுதலாகப் பாயும். ஒன்பது வருஷமாக எது என் பெருமையோ, அதுதான் பதினொரு புள்ளியையும் போட்டிருக்கிறது.

"சார், தப்பு என்னுதுதான். காலை மாத்தினதால இல்ல, மாத்தாததால" என்றேன்.

ரங்கநாதன் வீடியோவை இரண்டு தரம் பார்த்தார். "புரியுதும்மா. ஆனா ரூல் ரூல்தானே? பெட்டிக்குக் காரணம் எல்லாம் தெரியாது."

"காரணம் கேக்கல சார். இன்னும் அஞ்சு ஓட்டம் குடுங்க."

கட்டையைப் பிய்த்துத் தூர எறிந்தேன். நாலு பேரும் ஏறினார்கள். இந்த முறை ஓட்டத்துக்கு ஒருவராக இறங்கச் சொன்னேன். ஒரே மிதியை ஆயிரத்து இருநூறு தடவை மிதிக்கத் தெரிந்த காலுக்கு, ஆள் இறங்க இறங்க ஒரு நூல் குறைத்து மிதிக்கத் தெரியாதா? ஓஸ்வால்ட் இறங்கினான், கொஞ்சம் குறைத்தேன். அடுத்தவன் இறங்கினான், இன்னும் கொஞ்சம். சிரில் கடைசியாக இறங்கி, "மெதுவா" என்று வாயசைத்தான். போடா என்று நினைத்துக்கொண்டேன்.

காலி வண்டியில் பாதத்தின் பாரம் மட்டும் பெடலில் இருந்தது. அத்தனை கவனத்தை நான் வெல்டிங்கில்கூட வைத்ததில்லை. வண்டி வழுக்கிக்கொண்டு போயிற்று. திரும்பி வந்து நிறுத்தும்வரை ஒரு சத்தமும் இல்லை.

வீடியோவைச் சிரில் சத்தமாகப் படித்தான். எட்டு, பதினாறு, இருபத்துநாலு. ஐந்து ஓட்டத்திலும் அதேதான். மூன்றாவதில் மட்டும் கடைசியில் இருபத்தைந்து. அந்த ஒன்று எனக்கு இன்னும் உறுத்துகிறது.

"வேற யாராவது இப்படி ஓட்டுவீங்களாப்பா?" என்று ரங்கநாதன் கேட்டார். நாலு தலையும் இல்லையென்று ஆடின. அவர் போனில் என் பெயருக்கு எதிரே என்னமோ தட்டினார். "பழைய புள்ளிய எடுத்துட்டேன். திங்கக்கிழமை ஆறரைக்கு வந்துடுங்க."

நான் நகரவில்லை.

"இன்னும் என்னம்மா?"

"ரெண்டு முகம்னு இவங்க எதிர்லதான சார் சொன்னீங்க? இவங்க எதிர்லயே வாபஸ் வாங்கிக்கோங்க."

ரங்கநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு நாலு பேரையும் பார்த்துத் திரும்பி நின்று, நிதானமாகவே சொன்னார்.

"நான் சொன்னது தப்புப்பா. ஆள் இருந்தாலும் இதே வனஜாம்மாதான், இல்லாட்டியும் இதே வனஜாம்மாதான்."

கர்வம் கூடாது என்பார்கள். எனக்கு அன்றைக்கு வந்தது கர்வம்தான். வேறு பெயர் வைத்து மறைக்க மாட்டேன். "ஆறேகாலுக்கே வந்துடறேன் சார்" என்று சொல்லிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டேன்.