வெயிலில் வைத்த சைக்கிள்

மகள் மலாயாவுக்குப் போகிறாள் என்று அரியாலையிலிருந்து கடிதம் வந்தபோது நான் அடுப்படியில் நின்றேன். மனைவி செத்து ஆறு வருடம். மகள் ஞானாம்பிகை என் சொல்லை மீறிக் கலியாணம் செய்துகொண்டு அரியாலைக்குப் போய் நாலு வருடம். "இனி இந்தப் படலையைத் திறந்துகொண்டு வராதை" என்று கத்தினவன் நான்தான். அவளும் வரவில்லை. புத்தூரில் இந்தப் பெரிய வீட்டில் ஒரு ஆளுக்கு உலை வைத்துப் பழகிவிட்டேன்.

"வெள்ளிக்கிழமை பகல் ஒன்றரைக் கோச்சி. அப்பா ஸ்ரேசனுக்கு வந்தால் காணலாம்." அவ்வளவுதான் எழுதியிருந்தாள். திரும்பத் திரும்ப வாசித்ததில் சோறு குழைந்துபோனது.

நான் கல்லூரியில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். பஞ்சாங்கம் பார்க்கிறவர்களைக் கேலி பண்ணியே பேர் வாங்கினவன். ஆனால் நாலு வருடக் கோபம் மேடையில் பத்து நிமிடத்தில் தீரவேண்டுமே! அவள் திரும்பி வரும்போது நான் இருப்பேனோ தெரியாது. பயம் பிடித்துவிட்டது. வெட்கத்தை விட்டுப் பக்கத்துவீட்டு ஆழ்வாப்பிள்ளையிடம் நல்ல நேரம் கேட்டேன்.

"பத்தரைக்கு இராகுகாலம், பன்ரண்டுக்குத்தான் முடியும். ஒன்பது மணி நல்ல நேரம் மாஸ்டர். அப்ப வெளிக்கிடாட்டில், கொண்டுபோற சாமானை எண்டாலும் பரஸ்தானமாய் வாசலுக்கு வெளியிலை வையுங்கோ, நீங்களே வெளிக்கிட்ட கணக்குத்தான். பன்ரண்டுக்குப் பிறகு நீங்கள் போகலாம்" என்றார்.

ஒன்பதுக்கே போயிருக்கலாம்தான். சம்பந்தி வீட்டாருக்கு முன்னமே போய் மூன்று மணித்தியாலம் காத்து நிற்க என் ரோசம் விடவில்லை.

விடியக் குளிரிலேயே சைக்கிளுக்குக் காற்றடித்தேன். மகளுக்குத் தின்னப் பனாட்டும் ஒடியல் மாவும் கட்டிய பை நல்ல பாரம். அதனால் பின் ரயருக்கு வழக்கத்தைவிட இருபது தரம் கூட அடித்தேன். ஒன்பதுக்குப் பையைக் கட்டிச் சைக்கிளைப் படலைக்கு வெளியே நிறுத்தினேன்.

பத்து மணிக்கு அந்த இடத்தில் வெயில் நெருப்பாய் எரிந்தது. நிழலுக்குத் தள்ளப் போனேன்.

"ஐயோ மாஸ்டர், வைச்சதை அசைக்காதேங்கோ! போற காரியம் பாழாய்ப் போம்" என்று வேலிக்கு மேலால் ஆழ்வாப்பிள்ளை சத்தம் போட்டார்.

கையை எடுத்துவிட்டேன். அடைபட்ட காற்று சூடேறி, விரிய இடமும் இல்லாவிட்டால் அமுக்கம் கூடும். காற்றைக் கூட அடைத்திருந்தால் இன்னும் மோசம். வருடா வருடம் இதைக் கரும்பலகையில் எழுதுகிறவன் நான். கொஞ்சக் காற்றைத் திறந்துவிட்டால் சரி, பிறகு செய்வோம் என்று உள்ளே போனேன். போய், மகளிடம் என்ன சொல்வது என்று கதைத்துப் பார்க்கத் தொடங்கினேன். "பிள்ளை, நான் சொன்னது பிழை." இல்லை, முதலில் "சுகமாய் இருக்கிறியோ?" வெறும் வீட்டில் என் குரல் எனக்கே ஆரோ அந்நியன் பேசுவதுபோலக் கேட்டது. நேரம் போனது தெரியவில்லை.

பன்னிரண்டுக்குச் சற்று முன் வெளியே படாரென்று வெடித்தது. பின் ரயர் பக்கத்தால் ஒரு சாண் கிழிந்து, ரியூப் துண்டு துண்டாய்த் தொங்கியது.

ஸ்ரேசன் ஒன்பது மைல். பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன், ஓடினேன். கோப்பாயில் ஒரு மாட்டுவண்டிக்காரர் ஏற்றிக்கொண்டார். போய்ச் சேர மூன்று மணி.

"ஒரு தங்கச்சி கோச்சி வெளிக்கிடுமட்டும் கதவிலை நிண்டு றோட்டையே பாத்துக்கொண்டு நிண்டது ஐயா. தேப்பன் வருவார் எண்டு சொல்லிச்சுது" என்றான் அங்கே சாமான் தூக்குகிறவன். மேடையில் கிடந்த வாங்கில் குந்தி வாய்விட்டு அழுதேன்.

அரியாலைக்குப் போய், சம்பந்தியிடம் தலைகுனிந்து விலாசம் வாங்கினேன். நேரம் பார்த்தது, சைக்கிளை வெளியே வைத்தது, ரயர் வெடித்தது, எல்லாம் உள்ளபடி மகளுக்கு எழுதினேன். இரண்டரை மாதம் கழித்துப் பதில் வந்தது.

"அப்பாவுக்கு, சுகமாக வந்து சேர்ந்தோம். வர மனமில்லை என்று எழுதியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். நீங்கள் இராகுகாலம் பார்த்தீர்களாம், காற்றடித்த சைக்கிளை வெயிலில் விட்டீர்களாம். வேறு ஆருக்காவது இதைச் சொல்லுங்கோ அப்பா. எனக்கு அந்தப் பாடத்தைப் படிப்பித்ததே நீங்கள்தானே."