சகனின் ஒரு பக்கம்

பழனிக்குப் புறப்படும்போது பதுருன்னிசா காரின் பின்னிருக்கையில் ஒரு பையை வைத்தாள். கைலி, துண்டு, ஸ்கேன் படங்கள், மருந்துச் சீட்டுகள். மகளின் நிச்சயத்துக்குப் போகிறவர்கள் கொண்டுபோகும் பை அல்ல. ஆனால் பதினொரு வருடமாக அது இல்லாமல் அவர்கள் கொடைக்கானலை விட்டு இறங்கியதில்லை.

அவள் கணவர் முகைதீனின் கணைய வலி சொல்லிவிட்டு வருவதில்லை. மார்ச்சில் வந்த அன்று அவர் இரண்டு இட்லிதான் சாப்பிட்டிருந்தார். ஸ்வெட்டர் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவர் மேசைமேல் குனிந்தார். நிமிர முடியவில்லை. வலி வயிற்றில் புகுந்து முதுகில் வெளியேறியது. ஆறு நாள் டிரிப்ஸ். புது டாக்டர் முதலில் கேட்டது, எவ்வளவு குடிப்பீர்கள் என்று. எல்லா டாக்டர்களும் அதைத்தான் கேட்டார்கள். முகைதீன் குடித்ததே இல்லை. பஜாரில் யார் நம்புவார்கள்? அதனால் வியாதியின் பெயரை வீட்டுக்கு வெளியே சொன்னதில்லை. மாப்பிள்ளை வீட்டுக்கும் சொல்லவில்லை. குடிகாரன் மகள் என்று ஷாஸியாவை யாரும் சொல்லிவிடக்கூடாது.

கறியும் நெய்யும் அவருக்கு ஆகாது. விருந்துகளுக்கு அவரிடம் ஒரு வழி இருந்தது. சகன் என்ற பெரிய தட்டைச் சுற்றி நான்கு பேர் உட்காருவார்கள். அவர் தன் பக்கத்துக் கறியை மற்றவர்கள் பக்கம் தள்ளிவிடுவார். ஓரத்துச் சோற்றைக் கொறிப்பார். முகைதீனுக்குத் தாராளக் கை என்று ஊரில் பெயர்.

பழனியில் நிச்சயம் முடிந்து விரிப்பில் உட்கார்ந்தார்கள். எதிரில் மாப்பிள்ளையின் அத்தா அஸ்பாக். பக்கத்துக்கு ஒருவராக அவருடைய தம்பிகள் இருவர். தட்டில் நெய் மினுங்கும் பிரியாணி. முகைதீன் கறியை அஸ்பாக் பக்கம் தள்ளினார். அஸ்பாக் திருப்பித் தள்ளினார். சம்பந்திக்கு மரியாதை செய்யும் முறை அவருக்கும் தெரியும். தம்பிகளும் சேர்ந்துகொண்டார்கள். கறி முழுக்க முகைதீன் முன்னால் குவிந்தது.

"சாப்பிடுங்க மச்சான். ஒங்களுக்குன்னு கெடக்கு பாருங்க," என்றார் அஸ்பாக்.

முகைதீன் ஒரு துண்டை எடுத்தார். கொழுப்பு விரலில் வழிந்தது. சாப்பிட்டால் வலி நாலு மணி நேரத்தில் தெரியும், அல்லது நாளைக்கு. சாப்பிடாவிட்டால் இவர்களுக்கு இப்போதே தெரிந்துவிடும்.

"அத்தா, மாமாவுக்கு அது வேணாம்."

மாப்பிள்ளை வாசிம் பின்னால் நின்றான். ஒரு கையில் வெள்ளைச் சோற்றுக் கிண்ணம், மறுகையில் ரசம்.

அஸ்பாக் மகனைப் பார்த்தார். பிறகு முகைதீனை. இரண்டு தம்பிகளும் கையை நிறுத்தினார்கள்.

முகைதீன் துண்டைத் தட்டில் வைத்தார்.

"எனக்குக் கணையத்துல நோவுங்க. பதினோரு வருசமா. நான் குடிச்சதில்லைங்க."

கேள்விக்காகக் காத்திருந்தார்.

"குடிச்சீங்களான்னு யாரு கேட்டா?" அஸ்பாக் கையை நீட்டிக் கறிக் குவியலைத் தன் பக்கம் இழுத்தார். "மொதல்லயே சொல்லக்கூடாதா? நான் பாட்டுக்குத் தள்ளிக்கிட்டே இருக்கேன். வீணால்ல போயிருக்கும்."

தம்பிகளில் இளையவர் சிரித்தார். வாசிம் கிண்ணத்துச் சோற்றை முகைதீன் பக்கம் கொட்டினான். சகனின் ஒரு பக்கம் மட்டும் வெள்ளையாயிற்று.

"யாரு சொன்னா தம்பி?" என்று முகைதீன் அவனைக் கேட்டார்.

"ஷாஸியாதான் மாமா. பேச ஆரம்பிச்ச அன்னைக்கே."

சோற்றோடு விழுங்கும் மாத்திரை சட்டைப் பையில் இருந்தது. எல்லா விருந்திலும் அதைக் கைக்குட்டைக்குள் மறைத்துத்தான் எடுப்பார். இப்போது எடுத்து எல்லோர் முன்னாலும் விழுங்கினார். யாரும் பார்க்கவில்லை. கறியில் கவனமாக இருந்தார்கள்.

திரும்பும்போது மலை ஏற ஏறக் குளிர்ந்தது. பெருமாள்மலைக்குக் கொஞ்சம் முன்னால் முகைதீன் காரை ஓரம் கட்டினார். கை வயிற்றுக்குப் போயிருந்தது. பதுருன்னிசா பின்னால் திரும்பிப் பையைப் பிடித்தாள். வலி முதுகுக்குப் போகிறதா என்று பார்த்தார். போகவில்லை. குனிந்து பார்த்தார். நிமிர முடிந்தது.

"என்னங்க?"

"பசிக்குது," என்றார்.

அவள் நம்பாமல் அவர் முகத்தைப் பார்த்தாள். அங்கே அரை வயிறுதான் சாப்பிட்டதாகச் சொன்னார். பேசிக்கொண்டே இருந்துவிட்டாராம்.

பெருமாள்மலையில் இட்லி கிடைத்தது. மூன்று சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்தபோது பதுருன்னிசா பையைத் திறந்து, ஆஸ்பத்திரிக்கென்று மடித்து வைத்திருந்த துண்டை எடுத்து நீட்டினாள்.